குஷன் கடை அக்கா பதில்கள்: குழி விழாத சோபா மெத்தை

தீபாவளி நெருங்கிவிட்டதை நாட்காட்டியைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. வரும் கேள்விகளே சொல்லிவிடும். இந்த முறை கடிதத்திலும் வாட்சாப்பிலும் வந்தவற்றில் பெரும்பாலானவை சோபா மெத்தையைப் பற்றியவை. திரைச்சீலை கேட்டவர்களை அடுத்த இதழுக்குத் தள்ளியிருக்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். விலை கேட்டவர்களுக்குப் பொதுவாக ஒரே பதில்தான். சுங்கை சிப்புட்டில் நான் வாங்கும் விலை ஜொகூரில் இருக்காது. உங்கள் ஊரிலேயே இரண்டு கடை ஏறி இறங்குங்கள்.

அக்கா, போன தீபாவளிக்குத்தான் மூன்று இருக்கைக்கும் புது ஸ்பாஞ்சு போட்டோம். 'ஹெவி டியூட்டி' என்றார் கடைக்காரர். அழுத்திப் பார்த்தபோது கல் மாதிரி இருந்தது. இப்போது நடுவில் உட்கார்ந்தால் அடிப்பலகை இடிக்கிறது. எப்படித்தான் பார்த்து வாங்குவது?
– வாசகி, பீடோர்

'கல் மாதிரி இருந்தது' என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், எல்லாரும் ஏமாறுகிற இடம் அதுதான். கடையில் நின்று கட்டைவிரலால் அழுத்துவோம். அமுங்கவில்லை என்றால் நல்ல சரக்கு என்று நினைத்துக்கொள்வோம். விரலுக்குத் தெரிவது கடினம் மட்டுமே. வருடக்கணக்கில் உழைக்க வைப்பது அடர்த்தி. இரண்டும் வேறு வேறு.

சோபாவுக்குப் போடும் சாதாரண ஸ்பாஞ்சு பாலியூரித்தேன். கலவையை மாற்றினால் லேசான சரக்கையே கடினமாக வார்க்கலாம், கனமான சரக்கையே மெத்தென்றும் வார்க்கலாம். லேசான சரக்கில் உள்ளே இருக்கும் குட்டிக் குட்டி அறைகளின் சட்டம் மெல்லியதாக இருக்கும். முதல் சில மாதம் விறைப்பாக நிற்கும். ஆள் உட்கார்ந்து எழ, உட்கார்ந்து எழ அது தளர்ந்து உடையும். உடைந்தது மறுபடி எழும்பாது. எல்லாரும் விரும்பி உட்காரும் இடத்தில்தான் முதலில் குழி விழும். உங்கள் வீட்டில் அது நடு இருக்கை, டிவிக்கு நேர் எதிரே இருக்கும் என்று நினைக்கிறேன்.

அடர்த்தி என்பது ஒரு கன மீட்டர் ஸ்பாஞ்சு எத்தனை கிலோ என்ற கணக்கு. 16, 18 எல்லாம் முதுகுத் தலையணைக்கும் பொட்டலம் கட்டவும் போதும். 24 என்றால் விருந்தாளி வந்தால் மட்டும் உட்காரும் நாற்காலிக்குச் சரி. குடும்பமே தினமும் உட்காரும் சோபாவுக்கு 32-க்குக் கீழே இறங்காதீர்கள். கனமான ஆட்கள் இருந்தால் 35, 40 கேளுங்கள். இந்த எண்ணை முடிவு செய்த பிறகுதான் மெதுவா, நடுத்தரமா, கடினமா என்ற பேச்சு. சில கடைகளில் பவுண்டில் சொல்வார்கள்; கன அடிக்கு 2 பவுண்டு என்றால் அதுவும் 32-தான். 'ஹெவி டியூட்டி', 'சூப்பர் ஹார்ட்' என்பதற்கெல்லாம் எந்த அளவும் கிடையாது. அது கடைக்காரரின் வாய்.

சரி, 32 என்று வாயால் சொல்கிறார், எப்படி நம்புவது? நிறுத்துப் பாருங்கள். நீளம், அகலம், கனம் மூன்றையும் அங்குலத்தில் அளந்து பெருக்கி, 61-ஆல் வகுத்தால் லிட்டர் கணக்கு வரும். அதை அடர்த்தி எண்ணால் பெருக்கினால் எத்தனை கிராம் இருக்க வேண்டும் என்று தெரிந்துவிடும். 22க்கு 22, 5 அங்குல கனம் என்று வையுங்கள். பெருக்கினால் 2420. 61-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 40 லிட்டர். அடர்த்தி 32 என்றால் அந்தத் துண்டு ஏறக்குறைய 1.27 கிலோ இருக்க வேண்டும். 18 என்றால் 700 கிராம்தான் தேறும். கடைக்காரர் முகம் சுளிக்கலாம், சுளிக்கட்டும். மீன் வாங்கினால் நிறுக்கிறோம், இதற்கு ஏன் கூச்சம்?

ஆனால் தராசையே முழுதாக நம்பிவிடவும் கூடாது. பல நிறத் துணுக்குகளை ஒட்டி அழுத்திய ஸ்பாஞ்சு ஒன்று உண்டு, பார்த்தாலே தெரியும். அது நல்ல கனம், ஆனால் பலகை மாதிரி. அடியில் ஓர் அடுக்காகப் போட அருமையான பொருள், நேராக அதன் மேல் உட்கார முடியாது. இன்னொரு வேலையும் நடக்கிறது. எடை கூட்டுவதற்காகச் சுண்ணாம்புக்கல் தூளைக் கலந்து வார்ப்பார்கள். வெட்டிய பக்கத்தைக் கறுப்புத் துணியின் மேல் வைத்து நன்றாகக் கசக்குங்கள். மாவு மாதிரி உதிர்ந்தால் வேண்டாம். 'எச்.ஆர்.' என்று ஒரு ரகம் கேள்விப்பட்டிருப்பீர்கள். விட்டதும் சட்டென்று எழும்பும், அழுத்த அழுத்தத் தாங்கும். கையில் காசு இருந்தால் இருக்கைக்கு அதையே போடுங்கள்.

உங்கள் வீட்டில் அடியில் பலகை, அதனால் குற்றம் மெத்தையுடையதுதான். அடியில் ரப்பர் பட்டையோ வளைவு ஸ்பிரிங்கோ உள்ள சோபாக்காரர்கள் மட்டும் புது ஸ்பாஞ்சு வாங்குவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். மெத்தையை எடுத்துச் சிமெண்டுத் தரையில் போட்டு உட்காருங்கள். தரையில் நன்றாக இருந்து சோபாவில் மட்டும் அமிழ்ந்தால், தொய்ந்திருப்பது பட்டை. அதை மாற்றாமல் தங்கத்தில் ஸ்பாஞ்சு போட்டாலும் குழிதான். என்னிடம் வரும் சோபாக்களில் நிறையப் பேருக்குப் பட்டை மாற்றினாலே வேலை முடிந்துவிடும். ஸ்பாஞ்சு விற்றால்தான் லாபம் என்பதால் எல்லாக் கடையிலும் இதைச் சொல்ல மாட்டார்கள்.

பாட்டி வைத்துவிட்டுப் போன கெக்காபு (இலவம் பஞ்சு) மெத்தை இரண்டு கிடக்கிறது. தூக்கிப்போட மனசு வரவில்லை. அந்தப் பஞ்சைச் சோபா இருக்கையில் அடைக்கலாமா?
– வாசகி, லூனாஸ்

இருக்கையில் வேண்டாம், முதுகுக்கு வையுங்கள்.

இலவம் பஞ்சின் குணத்தைத் தெரிந்துகொண்டால் ஏன் என்று புரியும். அதன் இழை உள்ளே குழாய் மாதிரி வெறுமையாக இருக்கும், மேலே மெழுகுப் பூச்சு. அதனால்தான் அவ்வளவு லேசு, தண்ணீரும் சீக்கிரம் ஏறாது. ஒரு காலத்தில் கப்பல்களில் உயிர்காக்கும் சட்டைக்குள் இதைத்தான் அடைத்தார்கள். ஆனால் அந்த இழைக்குத் திரும்ப எழும்பும் குணம் இல்லை. ஒரே இடத்தில் பாரம் விழுந்துகொண்டே இருந்தால் குழாய் நசுங்கி, கட்டியாகி, கடைசியில் தூளாகும். இரவு முழுக்கப் படுக்கும் மெத்தையில் நம் பாரம் உடம்பு நீளத்துக்குப் பரவுகிறது. சோபாவில் அத்தனையும் ஒரு முழ இடத்தில் இறங்குகிறது. பாட்டியின் மெத்தை தாங்கியதற்கு அதுவும் ஒரு காரணம், வாரம் தவறாமல் வெயிலில் போட்டுத் தட்டியது இன்னொரு காரணம். தோட்டத்தில் லயத்து வாசலில் மெத்தைகள் வரிசையாகக் காய்ந்த ஞாயிற்றுக்கிழமைகள் உங்களுக்கும் ஞாபகம் இருக்கலாம்.

எப்படிச் செய்வது என்றால், மூக்கில் துணி கட்டிக்கொண்டு காற்று வீசாத இடத்தில் மெத்தையைப் பிரியுங்கள். மின்விசிறியை அணைத்துவிட்டுப் பிரியுங்கள், இல்லாவிட்டால் வீடு முழுக்கப் பறக்கும். கறுத்துத் தூளானதை ஒதுக்குங்கள். கையில் எடுத்துப் பிசைந்தால் இன்னும் வழவழப்பாக இருப்பதை மட்டும் வையுங்கள். கறுப்பு விதைகளைப் பொறுக்கிவிடுங்கள், விதை இருந்தால் எலி வரும். இரண்டு நல்ல வெயில் காட்டிய பிறகு, நெருக்கமாக நெய்த பருத்தித் துணியில் உறை தையுங்கள். துணி நெருக்கமாக இல்லையென்றால் தையல் ஓட்டை வழியாகவே பஞ்சு வெளியே வந்துகொண்டிருக்கும். உறையை மூன்று அறையாகப் பிரித்துத் தைத்தால் பஞ்சு எல்லாம் கீழே இறங்கிச் சேராது. 'போதும்' என்று தோன்றும் அளவுக்கு மேல் இன்னும் இரண்டு கைப்பிடி அடையுங்கள், எப்படியும் அமுங்கும்.

ஒன்றை மறந்துவிடாதீர்கள். இந்தப் பஞ்சு மிகச் சீக்கிரம் பற்றும். சாமி விளக்குக்கும் கொசுவத்திக்கும் பக்கத்தில் அந்தச் சோபாவைப் போடாதீர்கள். ஸ்பாஞ்சும் அப்படித்தான், சொல்லப்போனால் இன்னும் மோசம். பாலியூரித்தேன் எரிந்தால் வரும் புகையே ஆளைச் சாய்த்துவிடும். பிரிட்டனில் 1988-இலேயே மெத்தை நாற்காலிகளுக்கென்று தீப் பாதுகாப்பு விதி கொண்டுவந்துவிட்டார்கள். நம் வீடுகளில் சோபாவுக்கு அடியில் கொசுவத்தி புகைந்துகொண்டிருக்கிறது.

நான் ஓய்வு பெற்ற ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளி. ஈப்போவில் ஒரு கடையில் 'லேடெக்ஸ்' மெத்தை என்று பார்த்தேன், விலை தலை சுற்றுகிறது. அது உண்மையிலேயே நாம் வெட்டிய பால்தானா? அப்படியென்றால் வீட்டில் செய்ய முடியாதா? சோபாவுக்கு அது நல்லதா?
– வாசகர், சுங்கை சிப்புட்

ஐயா, நம் ஊர்க் கேள்வி. கொஞ்சம் நீட்டித்தான் பதில் சொல்வேன்.

நீங்கள் வெட்டிய பால்தான். மரத்திலிருந்து வரும் பாலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் ரப்பர், மற்றது பெரும்பாலும் தண்ணீர். ஷீட் போடும் தோட்டங்களில் ஆசிட் ஊற்றி உறைய வைத்து, உருட்டி, புகைக்கூண்டில் தொங்கவிட்டார்கள். மெத்தைக்குப் போகும் பால் உறையக் கூடாது. அதற்காக அமோனியா கலந்து, இயந்திரத்தில் வேகமாகச் சுற்றித் தண்ணீரைப் பிரித்து, ரப்பர் 60 சதவீதம் இருக்கும்படி கெட்டியாக்குவார்கள். அந்த அமோனியா வாடையைப் பற்றி நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அப்புறம் கந்தகமும் சோப்பும் வேறு சில மருந்துகளும் சேர்த்து நுரைக்க அடித்து, அச்சில் ஊற்றி, நுரை அடங்குவதற்குள் கெட்டியாக்கி, நீராவியில் வேகவைத்து, கழுவிக் காயவைப்பார்கள். 1929-இல் இங்கிலாந்தில் டன்லப் கம்பெனி ஆய்வாளர்கள் கண்டுபிடித்த முறை இது. இன்றைக்கும் அதற்கு டன்லப் முறை என்றுதான் பெயர். அந்தக் கம்பெனிக்கு மலாயாவிலேயே சொந்தத் தோட்டங்கள் இருந்தன.

பாலியூரித்தேன் பிறகு வந்தது. ஜெர்மனியில் 1937-இல் கண்டுபிடித்தார்கள், மெத்தென்ற ஸ்பாஞ்சாகக் கடைக்கு வந்தது 1950-களில். அது மலிவு என்பதால் சோபாவில் ரப்பரின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. பக்கத்தில் கோல கங்சாரில், 1877-இல் நட்ட ஒன்பது ரப்பர் கன்றுகளில் ஒன்று வேலி போட்டு இன்னும் நிற்கிறது. அந்த மரத்தைச் சுற்றிலும் உள்ள ஊர்களில் நாம் உட்கார்ந்திருப்பது பெட்ரோலிய ஸ்பாஞ்சின் மேல். எனக்கு இதில் கொஞ்சம் வருத்தம் உண்டு.

வீட்டில் செய்வதை மறந்துவிடுங்கள். நுரை எழும்பி நிற்கும் நேரமும் கெட்டியாகும் நேரமும் இம்மி பிசகினாலும் அப்படியே உட்கார்ந்துவிடும். கந்தகத்தோடு சரியாக வேகாத ரப்பர் சூட்டில் பிசுபிசுக்கும், நாளாக ஆகக் கெட்டுப்போகும். ஒட்டுப்பால் வெயிலில் கிடந்தால் என்ன ஆகும் என்று நீங்கள் பார்த்ததுதான்.

சோபா இருக்கைக்கு நல்லதா என்றால், மிக நல்லது. அழுத்தியதும் அமுங்கி, விட்டதும் எழும்பும். சாதாரண ஸ்பாஞ்சு குழி விழும் வயதிலும் அது அப்படியே இருக்கும். வாங்கும்போது பாருங்கள்: பக்கத்துக்குப் பக்கம் குச்சி குத்திய மாதிரி ஓட்டைகள் வரிசையாக இருக்கும், அச்சில் உள்ள கம்பிகளின் தடம் அது. எடையும் சொல்லிவிடும். மேலே சொன்ன அதே 22க்கு 22, 5 அங்குலத் துண்டு 3 கிலோவை ஒட்டி வரும். 'லேடெக்ஸ் ஃபீல்' என்று எழுதியிருந்தால் அது லேடெக்ஸ் இல்லை. செயற்கை ரப்பர் கலந்ததும் உண்டு. அது உதவாத பொருள் என்று சொல்ல மாட்டேன், ஆனால் முழு விலை கொடுக்காதீர்கள்.

அதற்கு இரண்டு எதிரிகள். வெயில் ஒன்று. ஜன்னலோரம் உறையில்லாமல் வைத்தால் மேல்பரப்பு காய்ந்து பொடியும், அதனால் உள் உறை கட்டாயம். எண்ணெய் இன்னொன்று. ரப்பர் எண்ணெயைக் குடித்து உப்பிவிடும். சனிக்கிழமை தலைக்கு நல்லெண்ணெய் வைத்துக்கொண்டு சோபாவில் சாய்கிற வீடு என்றால், முதுகுக்கு லேடெக்ஸ் வேண்டாம், இருக்கைக்கு மட்டும் போடுங்கள்.

காசு குறைவாக முடிக்க ஒரு வழி இருக்கிறது. யாராவது பழைய லேடெக்ஸ் கட்டில் மெத்தையைக் கழித்தால் வாங்கிக்கொள்ளுங்கள். படுத்துப் படுத்து நடுப்பகுதிதான் தளர்ந்திருக்கும், தலைமாடு கால்மாடு ஓரங்கள் புதிது மாதிரி இருக்கும். மூட்டைப்பூச்சி இருக்கிறதா என்று தையல் ஓரங்களைப் பிரித்துப் பார்த்துவிட்டு, அந்த ஓரங்களில் இருந்து இருக்கை அளவுக்கு வெட்டிக்கொள்ளலாம். உறை மட்டும் என்னிடம் கொண்டுவாருங்கள், தைத்துத் தருகிறேன்.

அப்பாவுக்கு 78 வயது, முழங்கால் வலி. சோபாவில் உட்கார்ந்தால் எழுந்திருக்க இரண்டு பேர் பிடிக்க வேண்டியிருக்கிறது. இன்னும் தடிமனான, மெத்தென்ற ஸ்பாஞ்சு போட்டால் சரியாகுமா?
– வாசகர், சித்தியவான்

தடிமன் சரி, மெத்தென்று என்பதுதான் தப்பு. மெத்தென்ற இருக்கையில் இடுப்பு முழங்காலுக்குக் கீழே இறங்கிவிடும். அங்கிருந்து எழுவது எனக்கே சிரமம், 78 வயதில் கேட்கவா வேண்டும்.

அப்பாவை நாற்காலியில் உட்கார வைத்து, முழங்கால் மடிப்பிலிருந்து குதிகால் வரை அளந்துகொள்ளுங்கள். அவர் உட்கார்ந்து மெத்தை அமுங்கிய பிறகும் இருக்கை அந்த உயரத்தில், அல்லது ஓர் அங்குலம் கூடுதலாக நிற்க வேண்டும். பலருக்கு இது 17, 18 அங்குலத்தில் வரும். அடியில் துணுக்கு ஸ்பாஞ்சு 2 அங்குலம், மேலே அடர்த்தி 35-க்குக் குறையாத நடுத்தரக் கடினம் 3 அங்குலம் போடுங்கள். முன் விளிம்பு முக்கியம். எழும்போது அங்கேதான் தொடையும் கையும் ஊன்றும். விளிம்பில் மூன்று அங்குல அகலத்துக்குக் கடினமான பட்டை ஒன்றை வைத்து ஒட்டச் சொல்லுங்கள். இருக்கை ஆழமாக இருந்தால் முதுகுக்கு ஒரு தலையணை வைத்து ஆளை முன்னால் கொண்டுவாருங்கள். சோபாக் கால்களுக்கு அடியில் கட்டை வைத்து உயர்த்தும் யோசனையும் உண்டு. ஆடாமல் திருகி முடுக்கினால்தான் செய்யலாம், சும்மா செருகிவைக்கக் கூடாது.

நாள் முழுக்க உட்கார்ந்தே இருப்பவர் என்றால் இது குஷன் கடை விஷயம் இல்லை. ஆஸ்பத்திரி பிசியோவிடம் கேளுங்கள், புண் வராமல் இருக்கத் தனி மெத்தை உண்டு.

கடையில் கொடுத்தால் கூலி அதிகம் கேட்கிறார்கள். ஸ்பாஞ்சு மட்டும் வாங்கி நானே வெட்டிப் போட்டால் என்ன? பழைய உறை நன்றாகத்தான் இருக்கிறது.
– வாசகர், காப்பார்

போடுங்கள் தம்பி, தாராளமாக. கூலி ஏன் அதிகம் என்று முடிக்கும்போது உங்களுக்கே தெரிந்துவிடும்.

பழைய ஸ்பாஞ்சை வைத்து அளவெடுக்காதீர்கள், அது சுருங்கியிருக்கும். உறையைக் கழற்றித் துவைத்துக் காயவைத்து, தையலிலிருந்து தையல் வரை அளந்து நாளிதழில் அச்சு வெட்டுங்கள். ஸ்பாஞ்சை அந்த அச்சைவிட நீளத்திலும் அகலத்திலும் அரை அங்குலம் பெரிதாக வெட்ட வேண்டும். சரியான அளவுக்கு வெட்டினால் ஒரே மாதத்தில் உறை சுருக்கம் விழுந்து தொளதொளக்கும். ரொட்டி வெட்டும் நீளக் கத்தி போதும், கறி வெட்டும் மின்கத்தி இருந்தால் இன்னும் நல்லது. ஸ்பாஞ்சைக் கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு வெட்டாதீர்கள். விட்டதும் பக்கம் உள்வாங்கி வளைந்து நிற்கும். மேசை ஓரத்தில் வைத்து, கத்தியை நேராகப் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாக இறக்குங்கள்.

ஒரே துண்டாக 5 அங்குலம் போடுவதைவிட நான் செய்வது இது: நடுவில் 4 அங்குலம் கடினமான, அடர்த்தி கூடிய துண்டு, மேலும் கீழும் அரை அரை அங்குலம் மெதுவான ரகம். இப்படிச் செய்தால் இரண்டு பக்கமும் புரட்டிப் போட்டு உட்காரலாம், தேய்மானம் பாதியாகும். ஒட்டுவதற்கு ஸ்பாஞ்சுப் பசை கிடைக்கும். இரண்டு பக்கமும் அடித்து, கையில் ஒட்டியும் ஒட்டாமலும் ஆகும்வரை பொறுத்து, பிறகு சேருங்கள். ஓரங்களில் மட்டும் அடித்தால் போதும். நடுவில் அடித்தால் காய்ந்த பசை உட்காரும்போது தட்டுப்படும். கதவு, ஜன்னல் திறந்திருக்க வேண்டும், பக்கத்தில் சிகரெட் கூடாது.

அடுத்தது பலர் விட்டுவிடும் வேலை. பாலியெஸ்டர் பஞ்சு விரிப்பு மீட்டர் கணக்கில் கிடைக்கும், டேக்ரான் என்று கேளுங்கள். முன் விளிம்பில் தொடங்கி மேலும் கீழும் சுற்றிக் கொண்டுபோய்ப் பின்னால் முடியுங்கள். இதுதான் மெத்தைக்கு அந்த உப்பலான, கடையில் பார்க்கும் அழகைக் கொடுக்கிறது. உறை ஸ்பாஞ்சின் மேல் உராய்ந்து தேய்வதையும் தடுக்கும். அதன் மேல் மெல்லிய பருத்தி உள் உறை ஒன்று தைத்தால், வெளி உறையைத் துவைக்கக் கழற்றும்போதெல்லாம் பஞ்சு கலையாது.

உள்ளே திணிப்பதுதான் பெரிய பாடு. ஒரு மெல்லிய பிளாஸ்டிக் பைக்குள் மெத்தையை விட்டு, வேக்கூம் குழாயைச் செருகி வாயைப் பிடித்துக்கொண்டு காற்றை உறிஞ்சுங்கள், பாதியாகச் சுருங்கும். சட்டென்று உறைக்குள் தள்ளி, மூலைகளைச் சரிசெய்து, பையை உருவிவிடுங்கள். ஜிப்பு உள்ள பக்கம் பின்னால் போக வேண்டும். சிரிக்காதீர்கள், முன்னால் வைத்துத் தள்ளிவிட்டுத் திரும்பக் கழற்றிய ஆட்கள் என் கடைக்கு வந்திருக்கிறார்கள்.

பலகைச் சட்டங்கள் இடைவெளிவிட்டு அடித்த மர சோபா என்றால், இடைவெளி மூன்று விரலுக்கு மேல் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் ஸ்பாஞ்சு அதற்குள் பிதுங்கி வரிவரியாக உடையும். ஓட்டை போட்ட மெல்லிய பிளைவுட்டோ, இழுத்து அடித்த தடித்த கித்தானோ முதலில் போடுங்கள்.

தைப்பிங் மழையில் எங்கள் வீட்டுச் சோபா எப்போதும் ஈரவாடை அடிக்கிறது. ரெக்சின் உறை. உட்கார்ந்தால் 'புஸ்' என்று சத்தம் வேறு, தையலும் விட்டுப்போகிறது.
– வாசகி, தைப்பிங்

சத்தம், தையல், வாடை மூன்றுக்கும் காரணம் ஒன்றுதான்: காற்றுப் போக வழி இல்லை. உட்காரும்போது உள்ளே உள்ள காற்று வெளியேறியாக வேண்டும். ரெக்சின் விடாது, அதனால் தையல் ஓட்டை வழியே பீறிட்டுப் போகிறது. எழும்போது வெளியே உள்ள ஈரக்காற்றை உள்ளே இழுக்கிறது. தைப்பிங்கில் அது எப்படிப்பட்ட காற்று என்று உங்களுக்குத் தெரியும்.

மெத்தையின் அடிப்பக்கத்தை மட்டும் பிரித்து வலைத்துணி வைத்துத் தைக்கச் சொல்லுங்கள். முழுதாக முடியாவிட்டால் பின்பக்கம் நாலைந்து பித்தளைக் கண் அடித்தாலும் காற்றுப் போகும். சுவரோடு ஒட்டிய சோபாவைக் கையளவு முன்னால் இழுங்கள். மழை ஓய்ந்த நாளில் மெத்தைகளைக் குத்தாக நிறுத்தி மின்விசிறி போடுங்கள். வெயில் அடிக்கிறதே என்று உறை இல்லாத ஸ்பாஞ்சை நாள் முழுக்க வாசலில் போட வேண்டாம், அதற்கும் வெயில் ஆகாது. உள்ளே கறுப்புப் புள்ளி பிடித்திருந்தால் கழுவிப் பார்க்காதீர்கள். ஸ்பாஞ்சின் உள்ளே போன பூசணம் போகாது, மாற்றுவதுதான் வழி. வீட்டில் ஆஸ்துமா உள்ள பிள்ளை இருந்தால் தீபாவளி வரை கூடக் காத்திருக்காதீர்கள்.

மெமரி ஃபோம் சோபாவுக்குப் போடலாமா?
– வாசகர், கிள்ளான்

முழு மெத்தையாக வேண்டாம். சூடு பட்டால் இளகும் சரக்கு அது. நம் ஊர் மத்தியான வெக்கையில் உட்கார்ந்தால் அமிழ்ந்துகொண்டே போகும், தொடையும் வேர்க்கும். ஆசையாக இருந்தால் நல்ல அடர்த்தியான ஸ்பாஞ்சின் மேல் ஓர் அங்குலம் போடுங்கள்.

ஸ்பாஞ்சு மஞ்சளாகிவிட்டது. கெட்டுப்போய்விட்டதா?
– வாசகி, பாகான் செராய்

நிறத்தைப் பார்க்காதீர்கள். வெளிச்சமும் காற்றும் பட்டால் நல்ல ஸ்பாஞ்சும் மஞ்சளாகும். நடுவில் கிள்ளிப் பாருங்கள். பொடியாக உதிர்ந்தாலோ, அழுத்திய விரல் தடம் எழும்பாமல் அப்படியே நின்றாலோ மாற்றுங்கள். இல்லையென்றால் இன்னும் ஓடும்.

வெட்டி மிஞ்சிய ஸ்பாஞ்சுத் துண்டுகள் ஒரு சாக்கு நிறைய இருக்கின்றன. பொடியாக நறுக்கி இருக்கைக்குள் அடைத்தால் காசு மிச்சம்தானே?
– வாசகி, பகாவ்

மிச்சம்தான், ஒரு மாதத்துக்கு. துணுக்குகள் நாலு பக்கமும் ஒதுங்கி நடுவில் மேல் உறையும் கீழ் உறையும் ஒட்டிக்கொள்ளும். தரையில் போடும் திண்டுக்கும் பூனைப் படுக்கைக்கும் அடையுங்கள். பூனை இல்லையென்றால் சாக்கை அப்படியே கட்டி வையுங்கள், ஆகாது என்று நான் சொன்ன பிறகும் கேட்டு வாங்கிப்போக யாராவது வருவார்கள்.